இன்ஜினில் கை வைத்தால் வாரண்டி என்ன ஆகும்? கார் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வெளியே வாங்கிய ஒரு பாகத்தை இன்ஜினில் மாட்டினால் வாரண்டி மொத்தமும் போய்விடும் என்று ஷோரூமில் சொல்வார்கள். டியூனிங் கடையிலோ, ஒன்றும் ஆகாது, வேண்டுமானால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். மாற்றிய பாகம் வேறு எந்தெந்தப் பாகங்களின் வேலையைப் பாதிக்கிறதோ, அவற்றுக்கான வாரண்டிதான் கேள்விக்குள்ளாகும். பவர் விண்டோ மோட்டார் நின்றதற்கு ஏர் ஃபில்டரைக் காரணம் காட்டி கிளெய்மை மறுத்தால், அந்த வாதம் நுகர்வோர் கமிஷன் முன்னால் நிற்பது கடினம். ஈ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் கணினி) மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டும் ரீமேப் கதை வேறு. அது தொடும் பாகங்களைக் கணக்கெடுத்தால் இன்ஜின், டர்போ, ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், கிளட்ச், கியர்பாக்ஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் என்று காரில் விலை கூடிய எல்லாமே வந்துவிடும்.

இங்கே சொல்வது இந்தியாவில் பதிவான, வாரண்டி இன்னும் மிச்சமுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கானது.

சட்டம் எங்கே நிற்கிறது

யூடியூபில் கிடைக்கும் வாரண்டி அறிவுரை பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. அங்கே 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம், எங்கள் பாகத்தையே வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. இந்தியாவில் அதற்கு இணையான தனிச் சட்டம் கிடையாது. ஆகவே "கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும்" என்று சர்வீஸ் அட்வைசரிடம் சண்டை போடுவதால் காரியம் நடக்காது.

இங்கே கையில் இருப்பவை வேறு. முதலாவது, வாரண்டி புத்தகம். உங்களுக்கும் கம்பெனிக்குமான ஒப்பந்தம் அதுதான். மாருதி உத்யோக் - சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், கம்பெனியின் பொறுப்பு வாரண்டி நிபந்தனைகளுக்கு உட்பட்டது, பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் அதன் கடமை, முழுக் காரையும் அல்ல என்று சொன்னது. இரண்டாவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

மூன்றாவது பலருக்குத் தெரியாது. இந்தியப் போட்டி ஆணையம் 25 ஆகஸ்ட் 2014 அன்று 14 கார் கம்பெனிகள் மீது ஓர் உத்தரவு போட்டது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை வைக்கக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எவ்வளவு சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்பது அதில் உள்ள ஒரு கட்டளை. அபராதம் தொடர்பான மேல்முறையீடுகள் பின்னர் நடந்தன. இந்த உத்தரவு வெளியே பழுது பார்ப்பதைப் பற்றியது. பவர் கூட்டுவதைப் பற்றியது அல்ல. ஆனாலும் "சேதத்தின் அளவுக்கு மட்டும்" என்ற அந்த அளவுகோல், கம்பெனிக்குக் கடிதம் எழுதும்போது கைகொடுக்கும்.

நான்காவது உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடியது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஆர்.டி.ஓ. - ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

படி 1: வாரண்டி புத்தகத்தில் நான்கு இடங்களைப் படியுங்கள்

முழுதாகப் படிக்கப் பொறுமை இல்லையென்றாலும் இவற்றை விடாதீர்கள். "வாரண்டியில் அடங்காதவை" என்ற பகுதியில் மாற்றம், கூடுதல் பொருத்தம், ரேஸ் பயன்பாடு பற்றிய வரிகள் இருக்கும். அந்த வரி "மாற்றத்தால் ஏற்பட்ட பழுது அடங்காது" என்கிறதா, "மாற்றம் செய்தால் வாரண்டி செல்லாது" என்கிறதா என்று பாருங்கள். முதலாவதில் காரணத் தொடர்பு தேவை. இரண்டாவது கடுமையானது, அதை எதிர்க்க மேலே சொன்ன ஆணைய உத்தரவும் நுகர்வோர் கமிஷனும்தான் வழி.

அடுத்து எரிபொருளும் ஆயிலும் பற்றிய நிபந்தனை. இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யாமல் ஆயில் கிரேடை மாற்றிய ஒரே காரணத்துக்காகவும் டர்போ கிளெய்ம் போகலாம். மூன்றாவது, புகை வெளியேற்றத்துக்கென்று தனி வாரண்டி இருந்தால் அதன் நிபந்தனை. செல்லுபடியாகும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழை அங்கே கேட்பது வழக்கம். நான்காவது, நீட்டிக்கப்பட்ட வாரண்டி வாங்கியிருந்தால் அதைத் தருவது கார் கம்பெனியா, பின்னால் நிற்கும் இன்சூரன்ஸ் நிறுவனமா என்பது. நிபந்தனை இரண்டிலும் வேறு. கிளெய்மைத் தீர்மானிப்பவரும் வேறு.

படி 2: நீங்கள் செய்ய நினைப்பது எதைத் தொடுகிறது?

*அதே பெட்டியில் உட்காரும் ஏர் ஃபில்டர்.* காகித ஃபில்டருக்குப் பதில் துவைத்துப் பயன்படுத்தும் பருத்தித் துணி ஃபில்டர். ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. கழுவிய பிறகு ஆயிலை அதிகமாகத் தெளித்தால், அது காற்றோடு போய் காற்றளவு சென்சாரின் சூடான கம்பியில் படியும். அங்கே தூசி ஒட்டிக்கொள்ள, சென்சார் உள்ளே போகும் காற்றைத் தவறாக அளக்கும். மைலேஜ் குறையும், இன்ஜின் லைட் எரியும். சென்சார் கிளெய்மோடு போனால், மெக்கானிக் விரலால் தொட்டுப் பார்த்தாலே ஆயில் பிசுபிசுப்பு தெரிந்துவிடும். ஃபில்டர் விளிம்பு சரியாக உட்காராமல் தூசி புகுந்தால் டர்போவின் கம்ப்ரசர் இறக்கை நுனி தேயும். அந்தத் தேய்மானத்தை மறைக்க வழியே இல்லை.

*பெட்டியையே எடுத்துவிட்டு வைக்கும் இன்டேக் குழாய்.* இது அடுத்த கட்டம். காற்றளவு சென்சாரின் கணக்கு அது உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை நம்பியது. 70 மி.மீ. குழாய்க்குப் பதில் 76 மி.மீ. குழாய் வைத்தால் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவாக ஓடும். சென்சார் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாகச் சொல்லும். ஈ.சி.யூ. முதலில் பெட்ரோலையும் குறைத்துவிட்டு, பிறகு ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்தப் பார்க்கும். திருத்தம் எல்லை தாண்டினால் பி0171 என்ற பிழைக் குறியீடு (கோடு) விழும். மழைக்காலத்தில் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருந்தால், தேங்கிய தண்ணீரை இன்ஜின் உறிஞ்சி கனெக்டிங் ராடு வளையும். அதற்கு வாரண்டியும் வராது. இன்சூரன்ஸ்காரரும் குழாயைத்தான் முதலில் பார்ப்பார்.

*பெடல் பாக்ஸ்.* ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் ஈ.சி.யூ-வுக்கும் நடுவே செருகுவது. பவர் எதையும் கூட்டாது. பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாகச் சொல்லும், அவ்வளவுதான். பெடல் சென்சார் இரண்டு தனித்தனி சிக்னல் அனுப்புகிறது. மலிவான பெட்டியில் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் பி2138 விழுந்து வண்டி ஊர்ந்து செல்லும் நிலைக்குப் போகும். பெடல், த்ராட்டில், அதன் வயரிங் ஆகியவற்றின் கிளெய்ம் இதனால் சிக்கலாகும். இன்ஜினின் உள்பாகங்களுக்கும் இதற்கும் தொடர்பு காட்டுவது கடினம்.

*சைலன்சர்.* கேட்டலிஸ்டுக்குப் பின்னால் உள்ள கடைசிப் பெட்டியை மட்டும் மாற்றினால் இன்ஜின் வாரண்டியில் பெரிய சிக்கல் வராது. சத்தத்துக்குப் போலீஸ் பிடிப்பதுதான் அதிகம். கேட்டலிஸ்டையே எடுத்துவிட்டால் நிலைமை தலைகீழ். பின் ஆக்சிஜன் சென்சார் பி0420 போடும். அதை ஏமாற்ற, சென்சாரைத் தள்ளி உட்காரவைக்கும் ஸ்பேசர் வைப்பார்கள். அது மேலும் ஒரு சாட்சி. சத்தம், காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் முடக்கம். டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரைக் குடைவது, புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வை அடைப்பது இரண்டும் இதே வகை. வாரண்டியைப் பற்றி யோசிக்க வேண்டிய இடமே இல்லை, செய்யாதீர்கள்.

*டீசல் டியூனிங் பாக்ஸ்.* "ஈ.சி.யூ-வைத் தொடவில்லை, கழற்றினால் தடயமே இருக்காது" என்று விற்கப்படுவது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரெயில் குழாயில் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈ.சி.யூ-வுக்கும் நடுவே இது உட்காரும். உண்மையில் 1,600 பார் இருக்கும்போது குறைத்து 1,450 என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.யூ. பதறி அழுத்தத்தைக் கூட்டும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே கால அளவில் அதிக டீசல் உள்ளே போகும். பாதுகாப்புக்காக ஈ.சி.யூ-வில் எழுதிவைத்த அழுத்த எல்லை இப்போது அர்த்தமற்றதாகிவிடுகிறது, ஏனென்றால் அதற்கு வருவதே பொய்க் கணக்கு. பம்பும் இன்ஜெக்டரும்தான் அடி வாங்கும். பம்பால் கேட்டதைக் கொடுக்க முடியாத நொடியில் பி0087 விழும். அந்த நொடியின் வேகம், ஆர்.பி.எம்., லோடு எல்லாம் கோடோடு சேர்ந்து உறைந்து நிற்கும்.

*ரீமேப்.* வாரண்டி உள்ள காரில் இதைவிடப் பெரிய சூதாட்டம் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், டைகுன் கார்களின் 1.5 லிட்டர் டி.எஸ்.ஐ. இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). அதோடு வரும் டி.க்யூ.200 என்ற 7 கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் வரம்பும் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப்பில் ஏறும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் அந்த வரம்புக்கு வெளியே. கிளட்ச் வழுக்கி, கருகி, கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் அலகு அதை ஈடுகட்டப் பார்த்து, கடைசியில் இரண்டும் சேர்ந்து பில்லில் வரும். "இன்ஜினைத்தானே மாற்றினேன், கியர்பாக்ஸ் என்ன செய்தது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் இன்னொரு வில்லன் உண்டு. 1,500 முதல் 2,500 ஆர்.பி.எம். வரையில் முழு லோடு கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பிடிப்பது. சிலிண்டர் அழுத்தம் ஒரேயடியாக எகிறி, பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர் உடையும். ரீமேப் டார்க்கை ஏற்றுவது பெரும்பாலும் இதே ஆர்.பி.எம். பகுதியில்தான். இதைக் குறைப்பதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு ஏ.பி.ஐ. எஸ்.பி. தர ஆயில் 2020-ல் வந்தது. ஆயில் உதவும், காப்பாற்றும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

திரும்ப ஸ்டாக் ஃபைல் (கம்பெனியின் அசல் மென்பொருள்) ஏற்றிவிட்டால் தெரியாது என்பது பழைய கதை. ஒவ்வொரு ஈ.சி.யூ. மென்பொருளுக்கும் கேலிபரேஷன் எண் ஒன்றும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சி.வி.என். என்ற சரிபார்ப்பு எண் ஒன்றும் உண்டு. உள்ளே ஒரு இலக்கம் மாறினாலும் சி.வி.என். மாற வேண்டும். ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏற்றினால் எண் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் பல ஈ.சி.யூ-க்கள் எத்தனை முறை எழுதப்பட்டன என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். சர்வீஸ் சென்டர் பதிவில் ஒரு அப்டேட்கூட இல்லாத காரில் அந்த எண்ணிக்கை 4 என்றால் கேள்வி வரும். புதிய ஈ.சி.யூ-க்கள் சிலவற்றை மேசையில் வைத்துப் பெட்டியைத் திறந்துதான் எழுத முடியும். வெட்டிய பசை திரும்பப் பழையபடி ஒட்டாது. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில், சர்வீஸ் சென்டர் கணினி ஈ.சி.யூ. மென்பொருளைக் கம்பெனி சர்வரோடு ஒப்பிடும்போது பொருந்தாவிட்டால், அந்தச் சேஸிஸ் எண்ணின் மேல் டி.டி.1 என்ற குறி விழும். பிறகு எந்த டீலரிடம் போனாலும் அது திரையில் நிற்கும்.

*சி.என்.ஜி. கிட்.* சட்டப்படி செய்ய வழியுள்ள மாற்றம் இது. அந்தக் கார் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட், கிட் தயாரிப்பாளர் அங்கீகரித்த பொருத்துநர், ஆர்.சி-யில் எரிபொருள் மாற்றப் பதிவு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) ஆகியவை வேண்டும். பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்கு 2022 ஆகஸ்ட் அறிவிக்கையில் இந்த வழி திறந்தது. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, வாரண்டி தொடர்வது வேறு. சி.என்.ஜி. உலர்ந்த எரிபொருள்; வால்வு உட்காரும் இடம் வேகமாகத் தேயும். கம்பெனி சி.என்.ஜி. கார்களில் அதற்கென்று கடினமான வால்வு சீட் வைக்கிறார்கள். வெளியே கிட் போட்ட காரில் இன்ஜின், ஃபியூயல், வயரிங் வாரண்டி போய்விட்டதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் அதிகம் என்றால் வாங்கும்போதே கம்பெனி சி.என்.ஜி. வாங்குவது மேல்.

படி 3: மாற்றுவதற்கு முன் காரின் நிலையைப் பதிவு செய்யுங்கள்

பிறகு ஒரு தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேசப்போவது இந்தப் பதிவு மட்டும்தான். காரின் பரிசோதனை சாக்கெட்டில் செருகும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.பி.டி. அடாப்டரும் ஒரு செல்போன் செயலியும் போதும். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு இவற்றை எடுத்து வையுங்கள்:

- ஓடோமீட்டர் படம், தேதியோடு.
- கேலிபரேஷன் எண், சி.வி.என். இரண்டும், செயலியில் வாகன விவரம் என்ற பகுதியில் வரும்.
- பதிவான, நிலுவையிலுள்ள கோடுகள். ஏற்கெனவே கோடு இருந்தால் மாற்றத்தை நிறுத்துங்கள். முதலில் வாரண்டியில் அதைச் சரி செய்யுங்கள்.
- நீண்டகால எரிபொருள் திருத்தம் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈ.சி.யூ. செய்வது). கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நலம்.
- ஆயில் அளவு. இன்றும் 1,000 கி.மீ. கழித்தும் டிப்ஸ்டிக்கைப் படமெடுத்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறதா என்று தெரியும்.
- கழற்றப்போகும் ஒவ்வொரு பாகமும், பார்ட் நம்பர் தெரியும்படி.

கம்ப்ரஷன் டெஸ்ட் செய்ய முடிந்தால் நல்லது; சர்வீஸ் சென்டரிலேயே காசு கொடுத்துச் செய்து ஜாப் கார்டில் எண்களை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தில் இருக்கும் எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

படி 4: எழுத்தில் கேளுங்கள், டீலரிடம் அல்ல, கம்பெனியிடம்

ஷோரூம் விற்பனையாளர் "போட்டுக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்றால் அதற்கு மதிப்பு கிடையாது. கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேள்வி பொத்தாம்பொதுவாக இருந்தால் பதிலும் அப்படியே வரும். இப்படிக் கேளுங்கள்: "என் சேஸிஸ் எண் இது. இந்த பார்ட் நம்பர் கொண்ட ஏர் ஃபில்டரை, அசல் ஏர் பெட்டியை மாற்றாமல் பொருத்த உள்ளேன். இதனால் எந்தெந்தப் பாகங்களின் வாரண்டி, எந்த நிபந்தனையின் கீழ் பாதிக்கப்படும்?" பதில் வராவிட்டாலும் நீங்கள் ஒளிக்கவில்லை என்பதற்கு அந்த மின்னஞ்சல் சாட்சி.

ஷோரூம் கவுன்டரில் விற்பதெல்லாம் கம்பெனி அங்கீகரித்தது என்று நினைப்பது பொதுவான தவறு. டீலர்கள் வெளிச்சரக்கையும் விற்கிறார்கள். பில்லில் கம்பெனியின் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது டீலரின் பொருள். கம்பெனிக்கு அதில் பொறுப்பில்லை என்பார்கள்.

படி 5: பொருத்தும்போது

ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஃபில்டர், குழாய், பெடல் பாக்ஸ் மூன்றையும் ஒரே நாளில் மாட்டினால் பிறகு கோளாறு எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது. அசல் வயரிங்கை வெட்டி இணைப்பது, இன்சுலேஷனைக் குத்தும் கிளிப் போடுவது வேண்டாம். வயரிங் கிளெய்ம்களில் மெக்கானிக் முதலில் தேடுவதே வெட்டிய தடத்தைத்தான். அசல் கனெக்டரில் செருகும் வகையை மட்டும் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் பாகத்தின் பெயர், பார்ட் நம்பர், கிலோமீட்டர், செய்த வேலை எல்லாம் இருக்கட்டும். ரீமேப் கடை "இன்ஜினுக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொன்னால், எந்தப் பாகத்துக்கு, எத்தனை மாதம், எவ்வளவு ரூபாய் வரை என்று லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். அந்த இடத்திலேயே பேச்சு மாறுவதைப் பார்க்கலாம்.

படி 6: சர்வீஸுக்கு விடும்போது

சர்வீஸ் இடைவெளியை ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள். மாடிஃபை செய்த காரில், தாமதமான ஆயில் மாற்றம் கம்பெனிக்குக் கிடைக்கும் சுலபமான காரணம். ரீமேப் செய்த காரை விடும்போது மென்பொருள் அப்டேட் செய்யும் முன் கேட்கச் சொல்லுங்கள். அப்டேட் ரீமேப்பை அழித்துவிடும். அந்தச் சமயம்தான் மென்பொருள் ஒப்பீடும் நடக்கும்.

சர்வீஸுக்கு முந்தைய நாள் கோடுகளை அழித்துவிட்டுப் போவது பலருடைய வழக்கம். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் கார் எண்ணி வைக்கிறது. 38,000 கி.மீ. ஓடிய கார், கோடு அழித்து 12 கி.மீ. என்று திரையில் காட்டினால் அட்வைசருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

படி 7: கிளெய்ம் மறுக்கப்பட்டால்

டீலரின் இடத்தில் நின்று ஒரு நிமிடம் பாருங்கள். டர்போ, இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற பெரிய கிளெய்ம்களுக்குக் கம்பெனியின் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். கழற்றிய பாகத்தைக் கம்பெனி திரும்பக் கேட்டுப் பரிசோதிக்கலாம். மாடிஃபிகேஷனை மறைத்து கிளெய்ம் போட்டுப் பிறகு அது தெரிந்தால் பணம் டீலர் தலையில் விழும். அதனால் சந்தேகம் வந்தாலே மறுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. முடிவெடுப்பவர் கம்பெனியின் பகுதித் தொழில்நுட்ப அதிகாரி. பேச வேண்டியது அவரிடம்.

முதல் வேலை, ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் இருக்கிறதா என்று பார்ப்பது. "ரீமேப் செய்த பிறகு கியர் வழுக்குகிறது" என்று அட்வைசர் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால் காரணத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகும். "2-லிருந்து 3-க்குக் கியர் மாறும்போது வழுக்குகிறது" என்பது அறிகுறி, அது போதும். அதற்காக மாற்றம் செய்ததைக் கேட்டால் இல்லை என்று பொய் சொல்லவும் கூடாது.

வாய்வழி மறுப்பை ஏற்காதீர்கள். எந்தப் பாகம் பழுது, வாரண்டியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள், மாற்றம் எப்படி அந்தப் பழுதை உண்டாக்கியது, அதைக் காட்டும் ஸ்கேன் அறிக்கை எங்கே என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் அங்கேதான் உங்கள் வழக்கு இருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றிய காரில் வாட்டர் பம்ப் சீல் ஒழுகினால், காரணத்தை இணைக்க அவர்களிடம் எதுவும் இருக்காது. அதே காரில் டர்போ இறக்கை தேய்ந்திருந்தால் இருக்கும்.

இன்ஜினைப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்பார்கள்; மறுக்கப்பட்டால் பிரித்த கூலி உங்களுடையது என்று அதில் இருக்கும். கூலித் தொகையை எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரிக்கும்போது நேரில் இருங்கள், படமெடுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் பழுதான பாகம் உங்களுடையது. கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் பரிசோதனைக்கு அது இல்லாமல் வழக்கு நகராது.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷன். எந்தக் கமிஷன் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிக்காது. காருக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கும். 50 லட்சம் வரை மாவட்டக் கமிஷன். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வணிக நோக்கில் வாங்கிய கார் என்றால் நுகர்வோர் வரையறையில் வராது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக ஓட்டுபவருக்கு மட்டும் விலக்கு.

பழுது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வகை என்றால் 38-ஆம் பிரிவின் கீழ் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேளுங்கள். நிபுணர் அறிக்கை இல்லாமல் "தயாரிப்புக் குறை" என்று வாதாடும் வழக்குகள் அதிலேயே சறுக்குகின்றன.

இன்சூரன்ஸையும் சேர்த்துப் பாருங்கள்

வாரண்டி போனால் ஒரு பாகத்தின் காசு போகும். இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டால் மொத்தக் காரின் காசும் போகலாம். செய்த மாற்றத்தைச் சொல்லி, பாலிசியில் ஒப்புதல் குறிப்பு வாங்குங்கள். சி.என்.ஜி. கிட்டுக்கு அதன் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பகுதிக்கு 60 ரூபாயும் கூடுதல் பிரீமியம் என்பது பழைய மோட்டார் டாரிஃப் காலத்திலிருந்து வரும் கணக்கு. ரீமேப்புக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. எழுத்தில் சொல்லி, அவர்கள் சொல்லும் பதிலை வைத்துக்கொள்வதுதான் வழி.

பழைய நிலைக்குத் திருப்புவதும் விற்பதும்

கழற்றிய அசல் பாகங்களை, கிளிப், ஓ-ரிங் உட்பட ஒரே பெட்டியில் வையுங்கள். திருப்பிய பிறகு படி 3-ல் எடுத்த அதே அளவுகளை மறுபடி எடுங்கள். எரிபொருள் திருத்தம் நிலைக்கு வர சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். நீட்டிக்கப்பட்ட வாரண்டி வாங்கும் எண்ணம் இருந்தால், எந்த மாற்றத்தையும் அதற்கு முன் செய்யாதீர்கள். வாங்கும்போது காரைப் பரிசோதிப்பார்கள். அன்று விழும் குறிப்பு முழுக் காலத்துக்கும் கூட வரும்.

பழைய டர்போ கார் வாங்குபவர் நீங்கள் என்றால், "வாரண்டி இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது" என்ற வாக்கியத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன், உரிமையாளரோடு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் சேஸிஸ் எண்ணில் ஏதாவது வாரண்டிக் குறி இருக்கிறதா, ஈ.சி.யூ. மென்பொருள் பொருந்துகிறதா என்று காசு கொடுத்து ஸ்கேன் செய்து, ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் அதற்குப் பிறகு.